கூண்டில் ஏறாத குற்றவாளிகள்: ஜோன் கனி என்ற நடிகர் தென்னாபிரிக்காவைப் பற்றிச் சொல்வது

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிளிநொச்சியில் தாய் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். இறுதி யுத்தத்தின்போது கையளித்த மகனைத் தேடுபவர். உண்மை, ஒற்றுமை மற்றும் நல்லிணக்கத்துக்கான ஆணைக்குழுச் சட்டமூலத்தின் வரைவு அப்போதுதான் வெளியாகியிருந்தது. தென்னாபிரிக்க அனுபவத்தைப் பின்பற்றித்தான் இதைச் செய்யப்போகிறார்கள் என்று நான் விளக்கினேன். ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் வாசித்தவற்றையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"பிள்ளை, அங்க எத்தினை பேரைக் கூண்டில ஏத்தினவை?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. டெஸ்மன்ட் டுட்டு அழுதது தெரியும், மண்டேலா கை குலுக்கியது தெரியும். எத்தனை பேர் கூண்டில் ஏறினார்கள் என்பதை நான் தேடிப் பார்த்ததே இல்லை.

பிறகு தேடினேன். அறிக்கைகளும் புள்ளிவிபரங்களும் கிடைத்தன. ஆனால், அந்தத் தாயின் கேள்வியை அவர் கேட்ட அதே தொனியில் எனக்கு முன்பாகவே ஒருவர் கேட்டிருந்தார் என்பதைக் கண்டுபிடித்தபோதுதான் விடயம் விளங்கத் தொடங்கியது. அவர் அரசியல்வாதியோ சட்டத்தரணியோ அல்ல, ஒரு நடிகர். பெயர் ஜோன் கனி.

பெயர் தெரியாவிட்டாலும் பலருக்கு முகம் தெரிந்திருக்கும். 'பிளாக் பாந்தர்' படத்தில் வகண்டாவின் மன்னன் டச்சாக்காவாக வருபவர் அவர்தான். 2019இல் வெளியான 'தி லயன் கிங்' படத்தில் ரஃபிக்கி என்ற ஞானக் குரங்கின் குரலும் அவருடையதுதான். ஹொலிவூட் அவரைக் கண்டுகொண்டது அவருடைய முதிய வயதில். அதற்கு முன்னரான வாழ்க்கையைத்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாஸ் புத்தகமும் பாம்புக் கூண்டும்

ஜோன் கனி தென்னாபிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரத்தை அண்டிய நியூ பிரைட்டன் என்ற கறுப்பினக் குடியிருப்பில் பிறந்தவர். இளவயதில் அங்கிருந்த ஃபோர்ட் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1965இல் 'சேர்பன்ட் பிளேயர்ஸ்' என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார். முன்னர் பாம்புகளை வைத்திருந்த குழி ஒன்றுதான் அந்தக் குழுவின் முதல் அரங்கு. குழுவின் பெயரும் அதிலிருந்தே வந்தது. வெள்ளையின நாடகாசிரியரான அதொல் ஃபுகார்ட் குழுவோடு சேர்ந்து இயங்கினார். வின்ஸ்டன் நட்ஷோனா கனியின் நண்பரும் சக நடிகருமாக இருந்தார்.

கறுப்பினத்தவர் ஒருவர் தன் தொழில் நடிப்பு என்று பதிவதற்கு நிறவெறிச் சட்டத்தில் இடமில்லை. வேலை இல்லாத கறுப்பினத்தவர் நகரத்தில் தங்கியிருக்கவும் முடியாது. ஆகவே கனியும் நட்ஷோனாவும் ஃபுகார்ட் வீட்டு வேலையாட்களாகப் பதியப்பட்டார்கள். நாட்டின் மிகச் சிறந்த நடிகர்கள் இருவர் அரச ஆவணங்களில் வீட்டு வேலைக்காரர்களாக இருந்தார்கள்.

1972இல் இவர்கள் மூவரும் சேர்ந்து 'சிஸ்வே பன்சி இஸ் டெட்' என்ற நாடகத்தை உருவாக்கினார்கள். வேலை தேடி போர்ட் எலிசபெத்துக்கு வரும் சிஸ்வே பன்சி மூன்று நாட்களுக்குள் நகரத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று அவனுடைய பாஸ் புத்தகத்தில் முத்திரை குத்தப்படுகிறது. ஓரிரவு தெருவில் ஒரு பிணத்தை அவனும் நண்பனும் காண்கிறார்கள். இறந்தவனின் பாஸ் புத்தகத்தில் நகரத்தில் வேலை தேடும் அனுமதி இருக்கிறது. படத்தை மாற்றி ஒட்டினால் சிஸ்வே உயிர் பிழைக்கலாம். ஆனால், சிஸ்வே பன்சி என்ற பெயர் செத்துப்போகும். பிள்ளைகளுக்குத் தந்தையின் பெயர் இல்லாமல் போகும். சம்மதிப்பதா, இல்லையா? நியூ பிரைட்டனில் இதை மேடையேற்றியபோது பார்வையாளர்களே எழுந்து நின்று இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் விவாதித்தார்கள் என்று ஃபுகார்ட் எழுதியிருக்கிறார்.

எனக்கு இந்த நாடகத்தை விளங்கிக்கொள்ள உரைநூல் எதுவும் தேவைப்படவில்லை. வவுனியாவில் 'பாஸ்' என்ற சொல் என்ன பொருளில் புழங்கியது என்பதை என் வயதுக்காரர்கள் சிறுவர்களாக இருந்தபோதே தெரிந்துகொண்டார்கள். பிளாஸ்ரிக் உறைக்குள் மடித்து வைத்த அந்தக் காகிதத்தை அம்மா எத்தனை தடவை தொட்டுப் பார்த்திருப்பார் என்பதும் நினைவில் இருக்கிறது. ஒரு மனிதரின் இருப்பை ஒரு காகிதம் தீர்மானிக்கும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

தீவு

அடுத்த ஆண்டு, 1973இல், 'தி ஐலண்ட்' வந்தது. ரொபன் தீவுச் சிறையில் ஒரே அறையில் இருக்கும் இரண்டு கைதிகளின் கதை. சிறை நிலைமைகளைப் பற்றி எழுதுவதே அன்று குற்றம். அதனால் நாடகத்துக்கு ஆரம்பத்தில் எழுத்துப் பிரதி வைக்கப்படவில்லை. தலைப்பிலும் தீவு என்ற சொல் இல்லாமல் வேறொரு பெயரில்தான் கேப் டவுனில் முதலில் மேடையேறியது. பாத்திரங்களின் பெயர்கள் ஜோன், வின்ஸ்டன். நடிகர்களின் சொந்தப் பெயர்கள்தான்.

நாடகத்தின் தொடக்கத்தில் நீண்ட நேரம் ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை. இருவரும் மணலை வெட்டி அள்ளிச் சென்று மற்றவரின் குழிக்குள் கொட்டுகிறார்கள். வேலை முடிவதே இல்லை. இரவில் அறைக்குள் அவர்கள் சிறைக் கலை நிகழ்வுக்காகக் கிரேக்க நாடகமான 'அன்ரிகனி'யை ஒத்திகை பார்க்கிறார்கள். துரோகி என்று அறிவிக்கப்பட்ட தன் சகோதரனின் உடலைப் புதைக்கக் கூடாது என்ற அரச கட்டளையை மீறி, அவனைப் புதைத்ததற்காகத் தண்டிக்கப்படும் பெண்ணின் கதை அது.

இது கற்பனையில் மட்டும் பிறந்ததல்ல. சேர்பன்ட் பிளேயர்ஸ் குழுவைச் சேர்ந்த ஒருவர் ரொபன் தீவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே உண்மையாகவே அன்ரிகனியை நடித்துக் காட்டினார். அதே சிறையில் நடந்த ஒரு அன்ரிகனி மேடையேற்றத்தில் தான் கிரியோன் மன்னனாக நடித்ததை மண்டேலா தன் சுயசரிதையில் குறிப்பிட்டிருக்கிறார். இறந்தவரைப் புதைக்கவும் நினைவுகூரவும் உள்ள உரிமை அரசின் சட்டத்துக்கு மேலானதா என்ற கேள்வி இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. மே மாதங்களில் முள்ளிவாய்க்காலுக்கும் நவம்பர் மாதங்களில் துயிலும் இல்லங்களுக்கும் தடைகளைத் தாண்டிச் சென்றவர்களுக்கு அது பழைய கேள்வி அல்ல.

இரண்டு நாடகங்களும் லண்டனுக்கும் பிறகு நியூயோர்க்குக்கும் சென்றன. 1975இல் கனியும் நட்ஷோனாவும் சிறந்த நடிகருக்கான டொனி விருதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கொடுத்த விலை

விருதோடு வீடு திரும்பியவர்களை அரசு விட்டுவைக்கவில்லை. 1976இல் டிரான்ஸ்கை பகுதியில் சிஸ்வே பன்சியை நடித்த பிறகு இருவரும் கைதுசெய்யப்பட்டார்கள். வெளிநாடுகளில் நடிகர்கள் வீதிக்கு இறங்கிப் போராடினார்கள். சர்வதேச அழுத்தம் வந்த பிறகே விடுதலை கிடைத்தது. தன் மீது நடந்த தாக்குதலில் கனி இடது கண்ணை இழந்தார். இன்று திரையில் நாங்கள் பார்க்கும் அந்தக் கண் கண்ணாடியால் ஆனது.

1985இல் 'மிஸ் ஜூலி' நாடகத்தில் வெள்ளையின நடிகை ஒருவரும் கனியும் முத்தமிட்ட காட்சியில் வெள்ளையினப் பார்வையாளர்கள் பலர் எழுந்து வெளியேறினார்கள். 1987இல் ஜொகனஸ்பேர்க் மார்க்கட் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாக நடித்தார். தென்னாபிரிக்காவின் தொழில்முறை மேடையில் ஒத்தெல்லோ பாத்திரத்தை ஏற்ற முதல் கறுப்பினத் தென்னாபிரிக்கர் அவர். ஒத்தெல்லோ ஆபிரிக்கன், கதை நடப்பது ஐரோப்பாவில். தென்னாபிரிக்காவின் தொழில்முறை மேடையில் அந்தப் பாத்திரத்தைக் கறுப்பினத் தென்னாபிரிக்கர் ஒருவர் ஏற்க 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விலை 1985இல் கொடுக்கப்பட்டது. கலவரங்களின்போது கொல்லப்பட்ட ஒரு சிறுமியின் இறுதிச் சடங்கில் கவிதை வாசித்துக்கொண்டிருந்த கனியின் தம்பியைப் பொலிஸார் சுட்டுக்கொன்றார்கள். அதற்குப் பிறகு நாடு மாறியது. மண்டேலா ஜனாதிபதியானார். தம்பியைச் சுட்டவர் மட்டும் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை.

உண்மை மட்டும் போதுமா?

உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் நகரத்தில் தன் முதல் பகிரங்க விசாரணையைத் தொடங்கியது. இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்கள் வாக்குமூலம் அளித்தார்கள். குற்றமிழைத்தவர்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பொதுமன்னிப்புக்கு விண்ணப்பித்தார்கள். அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொண்டால் மன்னிப்புக் கிடைக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனைகூட அதில் இல்லை. ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தினர் இந்தப் பொதுமன்னிப்பை எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குச் சென்று 1996இல் தோற்றுப்போனார்கள்.

அந்தக் காலத்தில் உலகமே ஆணைக்குழுவைப் பாராட்டிக்கொண்டிருந்தது. நிறவெறிக்கு எதிராக ஒரு கண்ணையும் ஒரு தம்பியையும் இழந்த கனி 2002இல் 'நதிங் பட் த ட்ரூத்' என்ற நாடகத்தை எழுதினார். தம்பியின் சாவிலிருந்தே அது பிறந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். முதன்மைப் பாத்திரத்தையும் அவரே நடித்தார். 2008இல் அதைத் திரைப்படமாக இயக்கினார்.

கதையின் நாயகன் சிபோ. அறுபது வயதைத் தாண்டிய நூலக ஊழியர். போராட்ட மேடைகளில் பேசியவர் அல்ல. வரியைக் கட்டி, வேலைக்குப் போய், செத்த வீடுகளில் நின்று, ஊர்வலங்களில் பின்வரிசையில் நடந்தவர். அவருடைய தம்பி தெம்பா புகலிடத்தில் வீரனாகக் கொண்டாடப்பட்டவர். லண்டனில் இறந்துபோன தெம்பாவின் உடல் வரும் என்று சிபோ காத்திருக்கிறார். தெம்பாவின் மகள் கொண்டுவருவதோ சாம்பல். உடல் இல்லாமல் முன்னோர்களின் முறைப்படி எப்படி அடக்கம் செய்வது? சிபோவின் மகள் தண்டோ உண்மை ஆணைக்குழுவில் மொழிபெயர்ப்பாளர். மன்னிப்பதால்தான் நாடு நிமிரும் என்று நம்புகிறவள்.

ஒரு இரவில் சிபோ உடைந்துபோகிறார். தன் மகனைச் சுட்ட வெள்ளையினப் பொலிஸ்காரர் எங்கே என்று கேட்கிறார். அவர் வழக்கை எதிர்கொள்ள வேண்டும், குற்றவாளி என்று ஒரு நீதிபதி சொல்ல வேண்டும் என்கிறார். பழிக்குப் பழி அவர் கேட்கவில்லை. தன் மகனின் உயிருக்குச் சட்டத்தின் முன் ஒரு பெறுமதி இருந்தது என்பதை யாராவது உத்தியோகபூர்வமாகச் சொல்ல வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை.

நாடகம் இதோடு நிற்பதில்லை. சிபோ தன் தம்பி தெம்பாவையும் மன்னிக்க முடியாமல் இருக்கிறார். தெம்பா அவருக்குச் செய்த துரோகம் குடும்பத்துக்குள் மறைக்கப்பட்டிருக்கிறது. அந்த உண்மையைத் தன் வாயால் சொன்ன பிறகுதான் தம்பியை அவரால் மன்னிக்க முடிகிறது. நான் விளங்கிக்கொண்ட வரையில், கனி இங்கே இரண்டு மன்னிப்புகளை வேறுபடுத்துகிறார். தம்பியை மன்னிப்பது சிபோவின் கையில் இருக்கிறது. பொலிஸ்காரரை மன்னிப்பது அரசின் கையில் எடுக்கப்பட்டுவிட்டது. சிபோவிடம் யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்வது காயத்தை ஆற்றும் என்று காட்டுகிற அதே நாடகம், அது நீதியின் இடத்தை நிரப்பாது என்றும் சொல்கிறது.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு

சிபோ சரியாகத்தான் கேட்டார் என்பதைக் காலம் காட்டியிருக்கிறது. மன்னிப்பு மறுக்கப்பட்டவை, விண்ணப்பிக்கப்படாதவை என்று ஏறத்தாழ 300 வழக்குகளை ஆணைக்குழு அரச வழக்குத்தொடுநர்களிடம் ஒப்படைத்தது. அவற்றில் கைவிரல்களால் எண்ணக்கூடிய சிலவே நீதிமன்றம் வரை போயின. பாதிக்கப்பட்டவர்களாக அங்கீகரிக்கப்பட்டவர்களுக்கு 2003இல் அறிவிக்கப்பட்ட இழப்பீடு ஒரு தடவைக் கொடுப்பனவாக 30,000 ரான்ட் மட்டுமே.

'க்ரடொக் நால்வர்' வழக்கை எடுத்துக்கொள்வோம். மத்தியூ கொனிவே, ஃபோர்ட் கலாதா, ஸ்பரோ ம்கொன்டோ, சிசெலோ ம்ஹ்லவுலி ஆகிய நால்வரும் 1985 ஜூன் 27ஆம் திகதி போர்ட் எலிசபெத்துக்கு அருகே பாதுகாப்புப் பொலிஸாரால் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். கனியின் தம்பி கொல்லப்பட்ட அதே ஆண்டு, அதே மாகாணம். 1996இல் ஆணைக்குழுவின் முன் ஃபோர்ட் கலாதாவின் மனைவி எழுப்பிய ஓலம் உலகத் தொலைக்காட்சிகளில் ஒலித்தது. 1999இல் ஆறு முன்னாள் பொலிஸாருக்கு மன்னிப்பு மறுக்கப்பட்டது. அதன் பிறகு அவர்கள் மீது வழக்குப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஒவ்வொருவராக முதுமையில் இறந்துபோனார்கள்.

தந்தை கொல்லப்பட்டபோது மூன்று வயதுக் குழந்தையாக இருந்த லுக்கன்யோ கலாதா இன்று ஒரு ஊடகவியலாளர். 2025 ஜனவரியில் அவரும் மேலும் இருபதுக்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்ட குடும்பத்தினரும் தங்கள் சொந்த அரசாங்கத்துக்கு எதிராகவே வழக்குத் தொடுத்தார்கள். இந்த வழக்குகளை முடக்குவதற்கு அரசியல் தலையீடு நடந்தது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. அதன் விளைவாக, இந்த வழக்குகள் ஏன் தாமதிக்கப்பட்டன, யார் தடுத்தார்கள் என்று விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி சிசி கம்பெபே தலைமையில் ஆணைக்குழு ஒன்றை ஜனாதிபதி சிரில் ரமபோசா 2025இல் நியமித்தார். உண்மை ஆணைக்குழுவுக்குப் பிறகு என்ன நடந்தது என்ற உண்மையைக் கண்டறிய இன்னொரு ஆணைக்குழு!

ரமபோசா எங்களுக்குப் புதியவர் அல்ல. 2014 ஜூலையில் இலங்கைக்கான தென்னாபிரிக்க விசேட தூதுவராகக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்தவர். 2023இல் இலங்கையின் அமைச்சர்கள் தென்னாபிரிக்கா சென்று திரும்பி, அதே ஆண்டில் உண்மை மற்றும் நல்லிணக்கப் பொறிமுறைக்கான இடைக்காலச் செயலகம் அமைக்கப்பட்டது. ஆட்சி மாறிய பிறகும் உண்மை ஆணைக்குழு என்ற யோசனை கைவிடப்படவில்லை. தென்னாபிரிக்காவுக்குப் போய்வந்தவர்கள் கேப் டவுனிலும் பிரிட்டோரியாவிலும் யாரைச் சந்தித்தார்கள் என்பது செய்திகளில் வந்தது. சிபோவைப் போன்றவர்களின் கதையை அவர்கள் அங்கிருந்து எடுத்துவரவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தென்னாபிரிக்க ஆணைக்குழு வீண்வேலை என்று முடிவுகட்டுவது நேர்மையாகாது. புதைக்கப்பட்ட இடங்கள் சில தெரியவந்தன. பொய்கள் பகிரங்கமாக உடைந்தன. பொலிஸ் கொலைக்குழுவின் தளபதி யூஜின் டி கொக் 1996இல் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டு ஆயுட்சிறைக்கு அனுப்பப்பட்டார். அந்த வழக்கைப் பார்த்துப் பயந்துதான் பல பொலிஸார் மன்னிப்புக் கேட்டு விண்ணப்பித்து வாய் திறந்தார்கள். எங்களுக்கான மிக முக்கியமான பாடம் இதில்தான் இருக்கிறது. சிறைக்கதவு ஒரு பக்கம் உண்மையாகவே திறந்திருந்தபோதுதான் மறுபக்கம் உண்மை வெளிவந்தது. வழக்குப் பயம் குறைந்ததும் உண்மையும் நின்றுபோனது. போர்வீரர்கள் எவரும் நீதிமன்றத்துக்குப் போக விடமாட்டோம் என்று அடுத்தடுத்த தலைவர்கள் வாக்குறுதி கொடுத்த ஒரு நாட்டில், ஆணைக்குழுவின் முன் வந்து உண்மையைச் சொல்ல யாருக்கு என்ன அவசியம் வரும்?

அப்படியானால் கனி கசப்போடு ஒதுங்கிவிட்டாரா? இல்லை. மார்க்கட் அரங்கை நடத்தினார். இளையவர்களைப் பயிற்றுவிக்கும் நாடகப் பட்டறையை இயக்குநர் பார்னி சைமனோடு சேர்ந்து 1989இல் தொடங்கினார். மார்வல் படத்தில் வகண்டா மக்கள் ஆங்கிலத்தை மட்டும் பேசுவது ஏன் என்று கேட்டு, தன் தாய்மொழியான கோசாவைப் படத்துக்குள் கொண்டுவந்தார். அதனால் கோடிக்கணக்கான மக்கள் திரையில் அந்த மொழியைக் கேட்டார்கள். 2019இல் அவர் எழுதிய 'குனேனே அன்ட் த கிங்' நாடகத்தில் சாவை எதிர்நோக்கும் வெள்ளையின நடிகர் ஒருவரை ஒரு கறுப்பினத் தாதி பராமரிக்கிறார். நிறவெறி முடிந்து 25 ஆண்டுகள் ஆகியும் ஒரே அறைக்குள் இருவரும் இன்னும் பேசி முடிக்காதவை எத்தனை என்பதே அந்த நாடகம். நல்லிணக்கத்தை அவர் நிராகரிக்கவில்லை. அது முடிந்துவிட்டது என்று சொல்வதைத்தான் நிராகரிக்கிறார்.

அந்தத் தாயை அண்மையில் மீண்டும் சந்தித்தேன். அவருடைய கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருந்தது. "மிகக் கொஞ்சப் பேரைத்தான் அம்மா. முப்பது வருசத்துக்குப் பிறகும் பிள்ளைகள் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கினம்" என்றேன். ஒரு நடிகரைப் பற்றியும், அவர் எழுதிய நூலகக்காரரைப் பற்றியும் சொன்னேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "அப்ப அவையளும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம்" என்றார். பிறகு மகனின் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.